நெஞ்சுநோவும் வட்டுக்கோட்டை வைத்தியமும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை என்றவுடன், 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஸ்தாபித்த செமினரியும் அதில் போதிக்கப்பட்ட மேல்நாட்டுச் சாஸ்திரங்களுமே நினைவுக்கு வருவது வழக்கம். ஆயினும், 1847இல் அவ்வூருக்கு வந்து, மறு வருஷம் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் எதனைக் கண்டறிந்திருக்கக்கூடும், எது அவர் அறிவுக்கும் எட்டாதிருந்தது என்று விசாரிப்பதே எனக்கு அதிக சுவாரசியமாகத் தோன்றுகிறது.

பரராசசேகரம் முதலிய யாழ்ப்பாணத்து வைத்திய நூல்களில் பயின்ற பரியாரிமார், நாடி பிடித்துப் பார்த்து, உண்டபின் நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் உடையவனைக் குன்மக்காரன் என்பர். வீட்டிலுள்ளோரோ எல்லாவற்றையும் வாய்வென்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுப்பர். அவ்வாறு குடித்துப் படுத்தவர்களுள் இருதய நோயாளரும் சிலர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

1816இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லெனெக் கடதாசியைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த மரக்குழல், கிறீன் வைத்தியம் படிப்பதற்கு முன்னரே மேல்நாட்டு வைத்தியர் கைக்கு வந்துவிட்டது. சிறுவயதில் தொண்டை நோவைத் தொடர்ந்த வாதக் காய்ச்சலால் இருதயத்தின் வால்வு தடித்துச் சுருங்கியிருந்தால், குறுகிய வாயிலூடாக இரத்தம் பாயும் இரைச்சலை அக்குழல் காட்டிக்கொடுக்கும். நடக்கையில் இளைப்பும் மார்பு இறுக்கமும் தோன்றி, ஓய்ந்திருக்கத் தணிதலும் அதற்குத் துணைச் சாட்சி. ஆனால் கேட்டறிந்த வைத்தியனால் செய்யக்கூடியது சொற்பமே. சுருங்கிய வால்வை அறுவையால் திறப்பது 1948க்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது. இதற்கு மாறாக, குனிந்தாலும் படுத்தாலும் மேலேறும் எரிவு உயிருக்கு அவ்வளவு அபாயமற்றதாயினும், இரைப்பையின் அமிலம் அன்னக்குழாயில் பின்னேறிப் புண்படுத்துவதை நியூயார்க் வைத்தியர் விங்கெல்ஸ்டைன் ஒரு தனி நோயாக விவரித்தது 1935இலேதான். கொல்லும் நோய் காதுக்குக் கேட்டது, கைக்கு அடங்கவில்லை. கொல்லாத நோயோ ஓமத்துக்குச் சற்று அடங்கியும், இன்னதென்று விளங்காமலே கிடந்தது.

கிறீனிடம் நான் பெரிதும் மதிப்பது அவருடைய குழலையன்று. ஆங்கிலத்தில் படித்தவன் உத்தியோகம் தேடிப் புறப்பட்டுவிடுவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் தங்குவான் என்று கணித்து, வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்று நூல்களையும் மொழிபெயர்த்து அச்சிடுவித்தார். செமினரி 1855இல் மூடப்பட்டு, 1872இல் அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, மனுஷ அங்காதிபாதமும் அச்சேறிவிட்டது. இருதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் தமிழிலேயே கற்ற வைத்தியர் குடாநாட்டுக் கிராமங்களில் தொழில் செய்துகொண்டிருந்தனர்.