நுண்புழை வண்ணப்பிரிகைக் குழாய் (ஆய்வகத் தயாரிப்பு)

புரதங்களை ட்ரிப்சின் நொதியால் துண்டாக்கிக் கிடைக்கும் பெப்டைடுகளைப் பிரித்து, நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தும் மெல்லிய குழாய். பல ஆய்வகங்கள் இதை விலைக்கு வாங்காமல் தாமே செய்துகொள்கின்றன. உருக்கிய சிலிக்காவால் ஆன புழையின் உள்விட்டம் பெரும்பாலும் 75 மைக்ரோமீட்டர், வெளிவிட்டம் 360. மேலுள்ள பாலிஇமைடு பூச்சுதான் அதை ஒடியாமல் வளையவிடுகிறது. நுனி அமையவேண்டிய இடத்தில் மட்டும் பூச்சை எரித்துத் துடைத்துவிட்டு, லேசர் சூட்டில் இழுத்தால் சில மைக்ரோமீட்டர் திறப்புள்ள கூர்நுனி கிடைக்கும். அதுவே மின்தெளிப்பு முனையாகவும், குழாயில் நிரப்பும் துகள்களைத் தடுக்கும் அணையாகவும் இருப்பது இம்முறையின் அழகு. இடையில் இணைப்பு எதுவும் இல்லாததால், பிரிந்த பெப்டைடுகள் மீண்டும் கலப்பது வெகுவாகக் குறைகிறது.

நிரப்புவதே பொறுமையைக் கேட்கும் வேலை. 2–3 மைக்ரோமீட்டர் அளவுள்ள சி18 சிலிக்கா துகள்களை மெத்தனாலில் கலக்கி, அழுத்தக் கலத்தில் வைத்து, ஹீலியம் அல்லது நைட்ரஜன் அழுத்தத்தால் புழைக்குள் ஏற்றுவர். காந்தக் கலக்கி நின்றால் துகள்கள் அடியில் படியும். கலவை கெட்டியானால் புழை அடைபடும். அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால் நிரம்பிய படுகை கலைந்துவிடும், மெல்லத்தான் இறக்கவேண்டும். நிரப்பிய குழாயில் வழக்கமான ஓட்டம் நிமிடத்துக்கு 200–300 நானோலிட்டர். கண்ணாடித் துணுக்குகள் தெறிக்கக்கூடும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அழுத்தக் கலத்தருகே நிற்கக் கூடாது.