இரும்புச் சாவியும் ஐந்து நிமிடங்களும்



ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள் கால்கை வலிப்பைப் 'புனித நோய்' என்று அழைத்தனர். தெய்வம் தீண்டுவதால் அது வருவதாக நம்பினர். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூலொன்று அதனை மறுத்து, இந்நோய் மூளையில் தோன்றுவது என்று உரைத்தது. அவ்வுண்மை மருந்தாகக் கனிய இருபது நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

1857இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோக்காக், பொட்டாசியம் புரோமைடின் பயனை எடுத்துக் கூறினார். 1912இல் ஜெர்மானியரான ஆல்பிரட் ஹாப்ட்மன் ஃபீனோபார்பிடாலின் ஆற்றலைக் கண்டார். 1938இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிட்டாயினை அறிமுகப்படுத்தினர். தக்க மருந்தை நாள் தவறாது உட்கொண்டால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மருந்தை இடையில் நிறுத்துவதே பல குழந்தைகளை மருத்துவமனைக்கு விரையச் செய்கிறது.

வந்துவிட்ட வலிப்பை என்ன செய்வது? நான் தலைமையாசிரியனாக இருந்த நாள்களில், வலிப்புற்ற பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். புகழோ சாவிக்குப் போய்ச் சேரும்! ஐந்து நிமிடங்களைக் கடந்த வலிப்பு எளிதில் அடங்காது. மூளைக்கும் ஊறு நேரலாம். அங்கே சாவி உதவாது. அதனை நம்பிக் காத்திருந்த பொழுதும் திரும்பாது.

முன்பு அத்தகைய வலிப்பை நிறுத்த மருத்துவமனையில் ஊசியே பெருந்துணை. 1999இல் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வு புதுவழி காட்டியது. கன்னத்தின் உட்புறத்தில் இடும் மிடாசோலம், ஆசனவாய் வழியே செலுத்தும் டயசிபாமுக்குக் குறையாத பயன் தந்தது. மருத்துவர் எழுதித் தந்த அளவில், பயிற்சி பெற்ற தாயோ ஆசிரியரோ இன்று அம்மருந்தைக் கொடுக்கலாம். அதனால் மருத்துவமனைப் பயணங்கள் பல தவிர்கின்றன.

ஆகவே, வகுப்புத் தோழன் வலிப்புற்றால் கடிகாரத்தைப் பாருங்கள். அவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதனையும் இடாதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தாலும், மூச்சுத் திணறினாலும், அதுவே முதல் வலிப்பாயினும் 108ஐ அழையுங்கள். அவன் கண் விழிக்கும்போது, அஞ்சி விலகாத ஒரு முகம் அருகில் இருக்கட்டும்.