உஸ்மானியர் வகுத்த கல்வி ஏணி

குழந்தைக்கு நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்ததும் மக்தபில் சேர்ப்பது உஸ்மானியரிடையே நிலவிய மரபு. உடன்வரும் சிறார் 'ஆமீன்' முழங்க, ஊர்வலம் வீதிவழியே செல்லும். பள்ளிவாசலை அடுத்த ஓர் அறை, வக்ஃபு வருவாய், பெரும்பாலும் இமாமே ஆசிரியர். 'ஸிப்யான்' எனப்பட்ட இச்சிறார் பள்ளி நமக்கு அந்நியமாகத் தோன்றாது. மேலே கற்க விழைந்தவர் மத்ரஸாவை நாடினார்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு 'ருஷ்திய்யா' என்னும் புதுவகைப் பள்ளிகளைத் தொடங்கியது. சிதறிக் கிடந்த இவற்றை ஒரே ஏணியாக்க முயன்றது, ஸுல்தான் அப்துல் அஸீஸ் காலத்தில் 1869 செப்டம்பரில் வெளிவந்த பொதுக்கல்விச் சட்டம். 198 பிரிவுகள் கொண்ட அதில் பிரெஞ்சுச் சாயல் வெளிப்படை. எனினும், கல்வியின் படிநிலையை ஊரின் அளவோடு அது பிணைத்த விதம் வியக்கத்தக்கது. ஒவ்வொரு சிற்றூரிலும் மஹல்லாவிலும் ஒரு ஸிப்யான் பள்ளியேனும் இருத்தல் வேண்டும். அங்கே நான்காண்டுக் கல்வி. பெண்பிள்ளைகளுக்கு 6 முதல் 10 வயது வரையும், ஆண்பிள்ளைகளுக்கு 7 முதல் 11 வரையும் கட்டாயம். 500 வீடுகளைக் கடந்த ஊரில் நான்காண்டு ருஷ்திய்யா. 1,000 வீடுகளைக் கடந்த நகரில், முஸ்லிம்களும் பிறரும் ஒருங்கே அமர்ந்து கற்கும் மூன்றாண்டு 'இஃதாதி'. மாகாணத் தலைநகரில் 'ஸுல்தானி'. உச்சியில் இஸ்தான்புல்லின் 'தாருல் ஃபுனூன்' பல்கலைக்கழகம்.

ஏட்டில் குறையில்லை. கட்டிய வரிசையில்தான் பிழை நேர்ந்தது. இஃதாதிகள் பரவுமுன்பே, 1870இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் யார்? மத்ரஸா மாணவர்கள். எந்த நிறுவனத்தைச் சட்டம் தன் ஏணிக்கு வெளியே, ஷைகுல் இஸ்லாமின் பொறுப்பில் விட்டுவைத்ததோ, அதுவே விடுபட்ட நடுப்படியாக நின்றது! இதனை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அவ்வாண்டு ரமளானில் ஜமாலுத்தீன் அஃப்கானி அங்கு ஆற்றிய உரை எழுப்பிய புயலே பல்கலைக்கழகத்தை மூடச் செய்தது என்பர் பலர். ஆனால் அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பின்னரும் வகுப்புகள் சில காலம் நடந்தன. ஆயத்தமான மாணவர்களும் பாடநூல்களும் போதிய பணமும் இல்லாமையே அதனை வீழ்த்தியது என்பது என் கருத்து.

பணத்திற்கு வழிசெய்தவர் இரண்டாம் அப்துல் ஹமீத். 1884இல் கல்விக்கென விதிக்கப்பட்ட வரியைக் கொண்டு மாகாணங்களில் இஃதாதிகள் எழுந்தன. அதன் பின்னரே, 1900இல் மீண்டும் திறந்த தாருல் ஃபுனூன் நிலைபெற்றது. அதுவே 1933இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகமாயிற்று.

ஏணியின் அடிப்படியோ இறுதியில்தான் வந்தது. மழலையர் பள்ளிகளை ஆரம்பக்கல்வியுடன் சேர்த்துச் சட்டம் வகுத்தது 1913இல். ருஷ்திய்யாவும் அப்போது ஆறாண்டு ஆரம்பக்கல்வியில் கரைந்தது. மத்ரஸாக்கள் கல்வி அமைச்சின் கீழ் வந்தது 1924 மார்ச்சில். அவ்வாண்டே அவை மூடப்பட்டன.