பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன? தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரும் உறுப்பினர் ஆகலாமா?

"ஹெச்.எம். கூப்பிட்டு விட்டிருக்கார்" என்றாலே, "பையன் என்ன வம்பு பண்ணினான்?" என்றுதான் பல வீடுகளில் முதல் கேள்வி வரும். பெற்றோருக்கும் பள்ளிக்கும் பேச்சு வார்த்தையே புகாரில்தான் ஆரம்பிக்கிறது என்றால், நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். சாயங்காலம்தான் வீடு திரும்புவார்கள். பகலில் நடக்கும் பள்ளிக் கூட்டத்துக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. வராதவர்களைப் பார்த்து, "பிள்ளை மேல அக்கறை இல்லை" என்று ஆசிரியர் நினைக்கிறார். "நம்மை எங்கே மதிக்கப் போறாங்க" என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. அப்போது ஒரு குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர்.

பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகியவை குழுவின் வேலை.

அதே சட்டம் ஆசிரியருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, படிக்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டி, தாத்தா வரலாமா?

வரலாம். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்றே சட்டம் சொல்கிறது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்து வளர்ப்பவர் பாதுகாவலர்தான். அப்பா, அம்மா தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்க, பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறதா? பாட்டியும் உறுப்பினர் ஆகலாம்.

நம்பிக்கையால் படிப்பு முன்னேறுமா?

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் ஆகியோர் 1990-களில் செய்த ஆய்வு 2002-இல் நூலாக வந்தது. ஆசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று படிப்பில் முன்னேறியது. நம்பிக்கை குறைந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். மரியாதை, வேலைத் திறமை, தனிப்பட்ட அக்கறை, சொன்னதைச் செய்யும் நேர்மை என்ற நான்கும்தான் நம்பிக்கையைக் கட்டுவதாக அவர்கள் கண்டார்கள்.

பிரச்னை வந்தால் யாரிடம் போவது?

* படிப்பு, வீட்டுப்பாடம், வருகை: முதலில் வகுப்பு ஆசிரியர், அடுத்து ஹெச்.எம்.
* கழிவறை, குடிநீர், கட்டடம்: குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.
* அடித்தாலோ, அவமானப்படுத்தினாலோ: இரண்டுக்கும் சட்டத்தில் தடை உண்டு. பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.
* பாலியல் தொல்லை: பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயமே இல்லை. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் போலீசில் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது

அடுத்த கூட்டம் எப்போது? அதை மாலை ஆறு மணிக்கு மேலோ, வேலை இல்லாத நாளிலோ வைக்க முடியுமா? போன கூட்டத் தீர்மானம் என்ன ஆச்சு?

இதைக் கேட்பது சண்டை போடுவது ஆகாது. பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைத்தால்தான், சட்டம் கொடுத்த நாற்காலியில் அவர்கள் உட்கார முடியும்.