‘இடைமறித்தல்’ என்னும் சொல்: பேட்ரியாட் ஏவுகணை குறித்த 1992ஆம் ஆண்டு விசாரணை

1991 பிப்ரவரி 15 அன்று, வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மாசசூசெட்ஸ் மாநிலம் ஆண்டோவரில் உள்ள ரேதியான் தொழிற்சாலையில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் உரையாற்றினார். அங்கு உருவான பேட்ரியாட் ஏவுகணைகள், எதிர்கொண்ட 42 ஈராக்கிய ஸ்கட்டுகளுள் 41ஐ இடைமறித்தன என்றார். இக்கூற்று நிதி ஒதுக்கீட்டோடு நெருங்கிய தொடர்புடையது. 1983இல் ரீகன் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டம், பனிப்போர் முடிந்த சூழலில் தன் தேவையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பேட்ரியாட்டின் புகழ் அதற்குக் கைகொடுத்தது. 1991 இறுதியில் ஏவுகணைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 300 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஆண்டு ஒதுக்கீடு, 1992 நிதியாண்டில் 400 கோடியைக் கடந்தது.

இப்புகழை ஆய்வுக்கு உட்படுத்தியவர் டெட்ராய்ட் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ். பிரதிநிதிகள் சபையின் அரசுச் செயற்பாடுகள் குழுவுக்கும், தேசியப் பாதுகாப்பைக் கவனித்த அதன் துணைக்குழுவுக்கும் அவரே தலைவர். 1992 ஏப்ரல் 7 அன்று நடந்த விசாரணையில் ‘இடைமறித்தல்’ என்பதன் பொருளே முதன்மையான சிக்கலாயிற்று. பேட்ரியாட்டும் ஸ்கட்டும் வானில் ஒன்றையொன்று கடந்தாலே அது இடைமறித்தல். வெடிமுனை அழிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இராணுவத் தரப்பின் விளக்கம். கேட்டவர்கள் அச்சொல்லை ‘அழித்தல்’ என்றே புரிந்துகொண்டிருந்தனர். ஈராக் மாற்றியமைத்த ஸ்கட்டுகள் வளிமண்டலத்துள் மீண்டும் நுழையும்போது தாமே சிதறின. அத்துண்டுகளிடையே வெடிமுனையைக் கண்டறிவது, முதலில் விமானங்களை எதிர்க்கவென வடிவமைக்கப்பட்ட ஒரு கருவிக்கு எளிதன்று. தொலைக்காட்சிப் படங்களை ஆராய்ந்த இயற்பியலறிஞர் தியோடர் போஸ்டல், வெற்றிக்கான சான்று ஏறக்குறைய இல்லை எனச் சாட்சியளித்தார்.

சவூதி அரேபியாவில் 80, இஸ்ரேலில் 50 என்றிருந்த இராணுவத்தின் வெற்றி விழுக்காடு அம்மாதத்திலேயே முறையே 70, 40 எனக் குறைக்கப்பட்டது. பொதுக் கணக்காய்வு அலுவலகமோ, வெடிமுனை அழிந்ததற்கு வலுவான சான்று எதிர்கொள்ளல்களுள் ஏறத்தாழ 9 விழுக்காட்டுக்கே உண்டு எனக் கண்டது. எஞ்சியவை தோல்வி என்று அவ்வலுவலகம் கூறவில்லை. மெய்ப்பிக்கப்படாதவை என்றே கூறியது. பிற்காலக் கட்டுரைகள் பல இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

சான்று ஏன் இல்லை? பேட்ரியாட் அமைப்போடு தரவுப் பதிவுக் கருவியை இணைத்தால் அமைப்பு எதிர்பாராது நின்றுவிடக்கூடும் என அஞ்சி, அமெரிக்கத் தளபதிகள் அதைப் பயன்படுத்தவில்லை. இஸ்ரேலியர் பயன்படுத்தினர். எட்டு மணிநேரத் தொடர் இயக்கத்திலேயே கண்காணிப்புத் துல்லியம் பிறழ்வதை அவர்களே பிப்ரவரி 11 அன்று தெரிவித்தனர். திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்தது பிப்ரவரி 26இல். அதற்கு முந்தைய நாளே அங்கிருந்த படைவீரர் தங்குமிடத்தின்மீது ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கர் மாண்டனர். 100 மணிநேரத்துக்கும் மேலாக இயங்கிய கணினியின் நேரக் கணக்கு ஏறத்தாழ 0.34 நொடி பிறழ்ந்திருந்ததால், ஸ்கட்டை உரிய இடத்தில் தேட இயலாமற்போயிற்று. இதை வெளிக்கொணர்ந்த கணக்காய்வு அறிக்கை, ஹோவர்ட் வோல்ப் என்னும் மற்றோர் உறுப்பினர் தலைமையேற்ற துணைக்குழுவுக்காக எழுதப்பட்டது. தஹ்ரானில் பேட்ரியாட் ஏவப்படவே இல்லை. எதிர்கொண்டவற்றை மட்டும் வகுக்கும் எண்ணாகக் கொண்ட வெற்றி விழுக்காட்டில், போரின் மிகக் கொடிய ஸ்கட் தாக்குதலுக்கு இடமே இல்லை.

கான்யர்ஸ் துணைக்குழுவின் வரைவறிக்கை, பேட்ரியாட் சில ஸ்கட்டுகளுக்கு மேல் தாக்கியதற்குச் சான்று அரிது என முடிவுகண்டது. இராணுவமும் ரேதியானும் கடுமையாக எதிர்த்தன. முழுக்குழு அதை ஏற்கவில்லை. ஏவுகணைத் தடுப்பு குறித்து 1985இலேயே விரிவான ஆய்வு வெளியிட்ட, காங்கிரஸின் சொந்தத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகமும் 1995இல் மூடப்பட்டது. வளைகுடாப் போரில் பேட்ரியாட் பயன்தரவில்லை எனப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் கோஹன் வெளிப்படையாகக் கூறியது 2001 ஜனவரியில், தம் பதவிக்காலத்தின் இறுதி நாள்களில்.