தேவாலயத்துக்குள் வந்த கட்சிக்கொடி

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கச் செயற்குழுவில் ஒரு விவாதம் நடந்தது. ஓர் அமைப்பு கூட்டம் போட நம் அரங்கைக் கேட்டது. வேறொரு சமூகத்தாரை மேடைக்கு மேடை ஏசுவதே அவர்கள் வழக்கம் என்று சிலர் தயங்கினார்கள். "வாடகை கொடுத்தா யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாமே! அவங்க பேசுறது நம்ம பேச்சாயிடுமா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். எனக்கு அன்று பதில் தோன்றவில்லை. அரங்கைக் கொடுத்துவிட்டோம். பின்னர் ஜெர்மனியின் வரலாற்றைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் அச்சுக்குப் பெரும்பணி செய்த சீகன்பால்கு நமக்கெல்லாம் தெரிந்தவர். அவரை ஈன்றது ஜெர்மனியின் லுத்தரன் மரபு. அதே மரபில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி 1543-ல் மார்ட்டின் லுத்தரே எழுதினார்.

1932-ல் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குள் தோன்றியது. நாஜிகளின் ஆதரவோடு 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது. அந்தச் செப்டம்பரிலேயே பிரஷ்ய சபை, யூத வம்சத்துப் போதகர்களை விலக்கும் 'ஆரிய விதி'யை ஏற்றது. நவம்பர் 13 அன்று பெர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் சுமார் 20,000 பேர் முன்னால், பழைய ஏற்பாட்டையே தூக்கியெறிய வேண்டும் என்று முழங்கினார் ரைன்ஹோல்ட் கிராவுசே. 1935-ல் பெர்லின் மரியன்டார்ஃபில் கட்டி முடித்த தேவாலயத்திலோ, இயேசுவைச் சூழ்ந்து நிற்பவர்களில் ராணுவ வீரனையும் சேர்த்தே பிரசங்க மேடையில் செதுக்கி வைத்தார்கள்.

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. மார்ட்டின் நீமொல்லரின் போதகர் கூட்டமைப்பில் 1934 ஜனவரிக்குள் சுமார் 7,000 பேர் சேர்ந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பார்மெனில் கூடியவர்கள், சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்று அறிக்கை விட்டார்கள். துணிச்சலான அறிக்கைதான். ஆனால் அதில் யூதர் என்ற சொல்லே கிடையாது! தங்கள் வேதத்தில் கைவைத்தபோது விழித்தவர்கள், அண்டைவீட்டான் அடிபட்டபோது பெரும்பாலும் மௌனம் சாதித்தார்கள். சக்கரத்தில் சிக்கியவருக்குக் கட்டுப்போட்டால் மட்டும் போதாது, சக்கரத்தையே நிறுத்தவும் நேரலாம் என்று 1933 ஏப்ரலிலேயே எழுதினார் இளம் இறையியலாளர் போன்ஹோஃபர். அவரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

போர் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் சபைத் தலைவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அப்போதும் யூதர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. யூதருக்கு இழைத்த கொடுமையில் தங்களுக்கும் பங்குண்டு என்று சபை மன்றம் வாய்திறக்க 1950 ஆகிவிட்டது.

நம்முடையது சின்னச் சங்கம். அந்தப் பெருங்கொடுமையோடு ஒப்பிடத் தகாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். அங்கே ஏசப்பட்டது அவருடைய சமூகம். யாரும் அவரை "வராதே" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மேடையில் பேசியது நாமில்லைதான். ஆனால் விளக்கேற்றி, நாற்காலி போட்டு, கதவைத் திறந்துவிட்டது நாம்தானே?