இரு பக்கத்து உறவினரும் கூடி

சென்ற வருடம் நானும் கணவரும் மரணசாதனம் எழுதுவதற்காக லண்டனில் ஒரு சட்டத்தரணியிடம் போயிருந்தோம். வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் பற்றிய கேள்விகளுக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டோம். அதற்கடுத்த கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நீங்கள் இருவரும் இல்லாமற்போனால் பிள்ளைகளை யார் வளர்ப்பது?

மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. என் தங்கை ரொறன்ரோவில். கணவரின் அண்ணர் பாரிஸில். என் அம்மா பருத்தித்துறையில். படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு அம்மம்மாவின் நினைவு வந்தது. அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனார். தகப்பன் மறுமணம் செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் தாய்வழிப் பாட்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். பிள்ளையோடு தாயின் சீதனக் காணி நான்கு பரப்பும் பாட்டியின் பொறுப்புக்கு வந்தது. "அப்ப ஒருத்தரும் மரணசாதனம் எழுதயில்லை. ஆனா எல்லாருக்கும் என்ன செய்யிறதெண்டு தெரிஞ்சிருந்தது" என்பார் அம்மம்மா.

எல்லோருக்கும் தெரிந்திருந்ததன் பெயர் தேசவழமை. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டுக்கொண்டபடி, யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்த வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒப்படைத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, 12 முதலியார்கள் சரிபார்த்த பின்பே நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கும் சட்டமாகத்தான் நம்மிற் பலருக்கு அதைத் தெரியும். காணி வழக்குகளில் அடிபடுவதும் அந்தப் பகுதிதான்.

ஆனால் அது பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறது. தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்ய விரும்பினால், பிள்ளைகளைத் தாயின் தாயோ, அவர் இல்லாவிட்டால் நெருங்கிய உறவினரோ வளர்க்க எடுப்பது வழக்கம். அப்போது தகப்பன், இறந்த மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும், அந்தத் திருமணத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு கொடுத்துவிட வேண்டும். என் அம்மம்மாவுக்கு நடந்தது ஏறத்தாழ இதுதான். தாய் தகப்பன் இருவருமே இறந்து பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால், இரு பக்கத்து உறவினரும் கூடி, யாரிடம் ஒப்படைப்பது என்று ஆலோசிப்பார்கள். தெரிவு செய்யப்பட்டவரிடம் பிள்ளைகளும் சொத்தும் சேர்ந்தே போகும்.

மரணசாதனத்துக்கென்று ஐசாக்ஸின் தொகுப்பில் தனிப்பகுதி எதுவும் இல்லை. ஊரும் உறவும் ஓரிடத்தில் இருக்கும்வரை அதன் தேவை பெரிதாக இருந்திருக்காது. இலங்கையில் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான், தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கும் முழு உரிமையை ஒருவருக்குத் தந்தது. பெற்ற பிள்ளையைக்கூட விலக்கி எழுதலாம். அப்படி எழுதுவதை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளும் பார்த்திருக்க வேண்டும் என்பது 1840இன் சட்டம்.

தேசவழமை எழுதப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் நிலைமை என்ன என்று தேடிப் பார்த்தேன். 1660இன் சட்டம் ஒன்று, சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை மரணசாதனத்தில் நியமிக்கும் உரிமையைத் தகப்பனுக்கு மட்டும் கொடுத்திருந்தது. தாய் உயிரோடிருந்தாலும் தகப்பன் வேறொருவரின் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போகலாம். தகப்பன் இறந்தபின் தாயும் பாதுகாவலராகும் உரிமை 1886இல்தான் வந்தது. அதுவும் தகப்பன் யாரையாவது நியமித்திருந்தால் அவரோடு சேர்ந்துதான். பாதுகாவலரை நியமிப்பதில் இருவருக்கும் சம உரிமை கிடைத்தது 1925இல். யாழ்ப்பாணத்திலோ 1707இலேயே தாய் பக்கத்துக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் இருந்தது.

இதைப் படித்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி உண்டு என்பது பிறகு கண்ணில் பட்டது. சரிபார்த்தவர்கள் முதலியார்கள். காணியும் சீதனமும் உள்ளவர்களின் வழக்கமே அதில் எழுத்தானது. அம்மம்மா சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "என்னை ஒருத்தரும் கேக்கயில்லை." தகப்பன் வீட்டுக்கு அவர் மீண்டும் போனது, அந்த மனிதரின் செத்தவீட்டுக்குத்தான்.

இன்று இங்கிலாந்தில், 1989இன் சிறுவர் சட்டப்படி, பெற்றோர் எழுதித் திகதியிட்டுக் கையொப்பமிட்டாலே பாதுகாவலரை நியமிக்கலாம். பொதுவாக, பெற்றோரில் இரண்டாமவரும் இறந்த பின்பே அது செயலுக்கு வரும். அதனால் இருவரும் ஒரே பெயரை எழுதுவது நல்லது. ஒன்றும் எழுதாவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும். மரணசாதனத்துக்கு இரண்டு சாட்சிகள் போதும். சொத்துப் பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சி வைத்தால் அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். ஊரில் உள்ள காணிக்கு இலங்கைச் சட்டமே பொருந்தும் என்பதையும் சட்டத்தரணி நினைவூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ, பாரிஸ், பருத்தித்துறை எல்லோரையும் வட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். தங்கை உடனே "நான் எடுக்கிறன்" என்றாள். அண்ணரும் அதையே சொன்னார். பிறகு மகளைக் கேட்டோம். தம்பியைத் தன்னிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றாள். பள்ளிக்கூடம் முடியும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்றாள். அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் சிநேகிதக் குடும்பத்தின் பெயரைச் சொன்னாள்.

"பிறத்தியாரிட்டையோ?" அம்மாவின் குரல் உடைந்துபோயிற்று. நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. அம்மம்மாவை ஒருவரும் கேட்கவில்லை என்பதை நான் அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அம்மா பதில் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, சிநேகிதர்களும் சம்மதித்த பின், கையொப்பமிட்டோம். பிள்ளைகள் அவர்களிடம் வளர்வார்கள். அவர்களால் முடியாமற்போனால் தங்கை. பணத்தையும் வீட்டையும் தங்கையும் அண்ணரும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாக இருந்து கவனிப்பார்கள். தேசவழமையில் பிள்ளையும் சொத்தும் ஒரே கைக்குப் போகும். இங்கே இரண்டையும் பிரித்து வைத்தோம்.

மறுநாள் அம்மா எடுத்தார். "சரி பிள்ளை. ஆனா வருசத்துக்கு ஒருக்கா எங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு அதிலை எழுதினனியோ?" என்றார்.

எழுதியிருக்கவில்லை. மரணசாதனத்தோடு வைக்கவென்று ஒரு கடிதம் எழுதி, முதல் வரியாக அதைச் சேர்த்தேன்.